வீசிக்கு ஏது காது?

அக்கா,

போன வியாழக்கிழமை உங்கள் மகள் என் கடைக்கு வந்து ஒரு புத்தகத்தை மேஜைமேல் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். விரிந்து கிடந்த பக்கத்திலிருந்து புதுப் பசையும் மையும் கலந்த வாசனை வந்தது. எனக்கு எப்போதும் பிடித்த வாசனைதான்.

"எங்கம்மா பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க அத்தை. நானும் ரெண்டு தடவை பொரட்டிட்டேன். எனக்குத்தான் கண்ணு தெரியலயோ என்னமோ" என்றாள்.

அவளுக்குக் கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. நான் முன்பு வேலை பார்த்த அந்த வாரப் பத்திரிகைக்காரர்கள், இத்தனை வருடம் போட்ட குறுக்கெழுத்துப் புதிர்களிலிருந்து அறுபதைப் பொறுக்கியெடுத்து நூலாக்கியிருக்கிறார்கள். அந்த அறுபதில் நாற்பத்தேழு உங்களுடையவை. எனக்குத் தெரியாதா, கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்தவள் நான். அட்டையில் 'புதிர் அமைப்பு' என்று போட்டு, அதன் கீழே புலவர் ஐயாவின் பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, பத்திரிகைக்கு ஆசிரியராக வந்து உட்கார்ந்தாரே, அவரேதான். உங்கள் பெயர் அட்டையில் இல்லை, உள்ளே இல்லை, நன்றி சொல்கிற பக்கத்திலும் இல்லை. அந்தப் பக்கத்தில் காகிதம் கொடுத்த கடைக்காரருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது அக்கா. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் அந்த அலுவலகப் படியேறி வந்ததே சண்டை போடத்தான். நெருப்பெரிச்சலில் இருக்கும் பின்னலாடைக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலையை முடித்துவிட்டு, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு நேராக வந்திருந்தீர்கள். புலவர் ஐயா இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். அந்த வார இதழை என் முன்னால் விரித்து விரலால் தட்டினீர்கள்.

"கதிரவன், வேறு பெயர். பூமி, வேறு பெயர். நெருப்பு, வேறு பெயர். இதுக்குப் பேரு குறிப்பா? அகராதியக் குப்புறக் கவுத்து வச்சிருக்கிய. நான் எழுதித் தாரேன், போடுதியளா?"

அந்தத் தெற்கத்தித் திசையன்விளைப் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "குடுங்க பாக்கலாமுங்க" என்றேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினீர்கள். முன்பக்கம் ஏதோ டீ சர்ட்டின் அளவு சார்ட், பின்பக்கம் பேனாவால் போட்ட கட்டங்கள். முதல் குறிப்பு இன்றைக்கும் மனப்பாடம். 'பாதி பனி, முழுதும் வியர்வை (4).'

நீங்கள் போன பிறகு அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். குளிர்காலமா, காய்ச்சலா, மலையேற்றமா என்று எங்கெங்கோ போனேன். கடைசியில் விடையைத் திருப்பிப் பார்த்தால், பனியன். முதல் பாதியில் பனி இருக்கிறது, முழுதும் நனைவது வியர்வையில். பனியனாலேயே பிழைக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு அது வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, குஷியாகவும் இருந்தது. மறுநாள் புலவரிடம் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு, "எடம் காலியா இருந்தாப் போடு அம்மிணி" என்றார். ஐம்பது வாரம் தொடர்ந்து தந்தால், ஐம்பதாவது புதிரிலிருந்து உங்கள் பெயரைப் போடுவதாகவும் சொன்னார். அந்தச் செய்தியை உங்களிடம் சொன்னபோது நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது.

செக்கிங் மேஜையில் கை துணியைத் திருப்பும், மனசு சொல்லைத் திருப்பும் என்பீர்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போகும்போது ஒரு சொல் இரண்டாகப் பிளந்து காட்டுமாம். பதினொரு மணி டீயில் அதை எழுதிவைத்துக்கொள்வீர்கள். 'தலையை வெட்டினாலும் முளைக்கும் (3)' என்று ஒருநாள் கொண்டுவந்தீர்கள். கவிதையின் தலையை எடுத்தால் விதை. 'வெயிலாய் அடிக்கும், துணி வெட்டும், குழம்பில் வேகும் (4)' என்றால் கத்தரி. ஞாயிறு மதியங்களில் என் கணினிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் தடுமாறுவதைப் பார்த்து ரசிப்பீர்கள். நான் ஒரு குறிப்பு எழுதிக் காட்டினால் தயவுதாட்சண்யமே இல்லாமல் அடித்துப் போடுவீர்கள்.

"குறிப்பு பொய் சொல்லப்பிடாது பிள்ள. உண்மைய நேராவும் சொல்லப்பிடாது. நடுவுல ஒரு வழி இருக்குல்லா, அதுல போணும்."

எங்கள் ஊர்ப் பெண்கள் உங்கள் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். 'போடுதியளா, வாரியளா' என்று பழித்துக்காட்டுவார்களாம். நீங்கள் ஒருநாளும் எங்கள் பேச்சைப் பழித்ததில்லை. காதில் விழுந்த சொல்லையெல்லாம் சார்ட்டின் ஓரத்தில் குறித்து வைத்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தீர்கள். செக்கிங் மேஜையில் உங்களுக்கு எதிரே நிற்கிறவள், "எங்கூட்டுக்காரரு மூணு நாளா மொகத்தத் தூக்கி வெச்சுக்கறாருங்க, ஊடே நல்லால்லீங்க" என்று புலம்பினாளாம்.

"ஒங்க ஊர்ல வீட்டுக்குப் பேரே ஊடுதானாம்லா. எழுத்துத் தமிழ்ல ஊடுன்னா கோவிச்சுக்கோன்னு அர்த்தம். ஒரே சொல்லு, ரெண்டு குடும்பம் நடத்துது பாரு" என்றீர்கள்.

அப்படிப் பிறந்ததுதான் நாற்பத்தைந்தாவது புதிரின் ஒன்றாம் எண். 'கொங்கு வீட்டுக்குள் கோபித்துக்கொள் (2).' விடை, ஊடு. அதே ஊ கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்குக் குறிப்பு, 'காது உண்டு, கேட்காது (2).' விடை, ஊசி. எங்கள் வாயில் காலையிலிருந்து இரவுவரை புழங்குகிற சொல்லை அச்சில் ஏற்ற ஒரு திசையன்விளைக்காரி வர வேண்டியிருந்தது. நான் கைதட்டாத குறைதான்.

புதிர் வெளிவந்தது. அடுத்த வாரம் விடைகளைப் போட வேண்டும். நீங்கள் எழுதித் தந்த விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் புலவர் குதித்தார். ஊடாவது, கீடாவது, பத்திரிகை என்றால் ஒரு தரம் வேண்டாமா என்றார். கேளுங்கள் அக்கா இந்தக் கூத்தை. அதே காலையில்தான் அவர் தொலைபேசியில் தன் மனைவியிடம், "மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வந்தர்றேன்" என்று சொன்னதை இரண்டு காதாலும் கேட்டேன். வைத்த போனில் சூடு ஆறவில்லை, அதற்குள் அவருக்கு ஊடு கொச்சையாகிவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்தார். ஊ என்பதை அடித்து வீ என்று எழுதினார். ஊடு வீடாகிவிட்டது. கீழே இறங்கிய ஊசி, வீசி ஆகிவிட்டது. வீசி என்றும் ஒரு சொல் தமிழில் இருந்து தொலைக்கிறதே, அவருக்குப் பரம திருப்தி. கோபித்துக்கொள்வது என்ன ஆயிற்று, காது எங்கே போயிற்று என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? தமிழ் படித்துத் தமிழிலேயே பிழைத்த மனுஷன்.

அந்த விடை வெளிவந்த அன்றைக்கே பட்டன் கடை பாய் வந்துவிட்டார். வாரம் தவறாமல் எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பி அனுப்புகிற ஒரே வாசகர் அவர். கோபத்தில்கூட மரியாதை குறையாத ஆள்.

"ஏனுங்க ஐயா, வீசிக்கு ஏதுங்க காது? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்று புலவர் அவரை அனுப்பிவைத்தார். பாய்க்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர் கடிதம் எழுதினார்கள். தப்பு தன்னுடையது என்று ஒரு வரி போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவரா போடுவார்? அடுத்த இதழில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு வந்தது. முன் வந்த புதிர் ஒன்றில் ஊடு என்னும் கொச்சைச் சொல்லை விடையாகக் கொண்டு குறிப்பு அமைந்துவிட்டது, இந்தப் பிழை புதிரை அமைத்த இன்னாருடையது, அவர் இப்பகுதியைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால் நேர்ந்தது, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும் என்று. இன்னார் என்ற இடத்தில் உங்கள் முழுப்பெயர், இனிஷியலோடு.

நாற்பத்தேழு வாரம் வராத பெயர் அன்றைக்கு வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். அந்த ஞாயிறு நீங்கள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டத்துக்குள் இருந்ததை இரண்டு முறை வாசித்தீர்கள். தாளை நாலாக மடித்தீர்கள்.

"பேரு எழுத்துப் பிழை இல்லாம வந்திருக்கு பிள்ள. நீ அடிச்சதாக்கும்" என்றீர்கள்.

திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், அந்த மனுஷனிடம் போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு உங்கள்மேலும் கோபம்தான். முதல் நாள் அகராதியைக் குப்புறக் கவிழ்த்ததற்கு அப்படிச் சண்டை பிடித்தவர், தன் பெயரைக் குப்புறத் தள்ளியபோது பேசாமல் எழுந்து போனீர்களே. அதோடு உங்கள் புதிர் நின்றது. பழையபடி கதிரவனும் பூமியும் வேறு பெயரோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் அங்கிருந்து விலகிச் சொந்தமாகக் கடை போட்டேன். துணி லேபிள், விலை அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று ஓடியது. நீங்கள் அங்கேயும் வந்துகொண்டுதான் இருந்தீர்கள். பிறகு மஞ்சள் காமாலை வந்து, நாட்டு மருந்துக்கு ஒரு வாரம், ஆஸ்பத்திரிக்கு நாலு நாள் என்று பதினொரு நாளில் போய்ச் சேர்ந்தீர்கள். அஞ்சலி பேனருக்கு உங்கள் வீட்டுக்காரர் என்னிடம்தான் வந்தார். பெயருக்குக் கீழே செக்கிங் சூப்பர்வைசர் என்று போடச் சொன்னார். 'புதிர் ஆசிரியர்' என்றும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். அழுதழுது வீங்கிய முகத்தோடு நின்றவரிடம் நான் என்ன வாதாடுவது? உங்கள் பெயர் அச்சில் வந்தது அந்த இரண்டே தடவை. ஒருமுறை குற்றவாளியாக, ஒருமுறை பிணமாக.

மூன்று வருடம் கழித்து இப்போது இந்தப் புத்தகம். முன்னுரையைப் படித்தீர்களானால் உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும். வட்டார வழக்குக்கு இப்போது மவுசு வந்துவிட்டதல்லவா, புலவர் காற்றடிக்கும் பக்கம் திரும்பிவிட்டார். 'ஊடு என்னும் எம் மண்ணின் சொல்லைப் புதிருக்குள் துணிந்து ஏற்றினோம்' என்று கூசாமல் எழுதியிருக்கிறார். ஏற்றினோமாம். உள்ளே அந்தக் குறிப்பு ஒரு புள்ளி மாறாமல் இருக்கிறது. விடைப் பக்கத்தில் ஊடு இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. இத்தனையும் பார்த்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? மறுநாள் காலை உங்கள் மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன்.

மாடியில் அதே மின்விசிறி, அதே நாற்காலி. புலவர் நன்றாகவே தளர்ந்திருக்கிறார். "வா அம்மிணி, இது ஆரு?" என்றார்.

"அந்தப் புதிரெல்லாம் எழுதுனாங்களே, அவங்க மகளுங்கய்யா."

"அப்படியா கண்ணு. நல்லாப் படிக்கோணும்" என்று சொல்லிவிட்டு, டீ சொல்ல மணியை அழுத்தினார். டீ வேண்டாம் என்று தடுத்தேன்.

"பொஸ்தகத்துல அவங்க பேரக் காணமுங்களே" என்றேன்.

"அது பத்திரிகையோட புதிர் அம்மிணி. பல பேரு எழுதிக் குடுக்கறதுதான். ஆசிரியர் பேருல போடறதுதான் மொறை."

"தப்புன்னா மட்டும் அவங்க பேருல போடறது எந்த மொறைங்க? ஊடுங்கறத ஏத்துனது நீங்களா? அன்னைக்கு அத வெட்டுனதே நீங்கதானுங்களே."

என் குரல் கீழே அச்சுக்கூடம்வரை கேட்டிருக்கும். உங்கள் மகள் என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். எனக்கு அந்த நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. புலவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே படவில்லை.

"நானா வெட்டுனேன்? உன்னக் கூப்பிட்டுக் கேட்டுத்தான அம்மிணி செஞ்சேன். நீ இந்த ஊர்ப் பொண்ணாச்சே, ஊட்ட ஊடுன்னு எழுதுவியான்னு கேட்டேன். எழுத மாட்டனுங்கன்னு நீதான சொன்னே? உள்ளூர்க்காரியே வேண்டாங்கறப்ப நான் வேற என்ன பண்றது?"

உங்கள் மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

உண்மைதான் அக்கா. அந்த மனுஷன் சொன்னதில் அது ஒன்று உண்மை. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் நின்று, "எழுத மாட்டனுங்க" என்றேன். எழுதுவதுதான் இல்லை, வீட்டில் பேசுவது அதைத்தான். அவர் கேட்டது எழுதுவதைப் பற்றி, ஆகவே நான் பொய் சொல்லவில்லை. உண்மையை நேராகவும் சொல்லவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்த நடுவழியில் நான் சரியாகப் போனது அன்றைக்கு ஒருநாள்தான், அதுவும் உங்கள் கழுத்தை அறுக்க.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்த புதிதில் நான் ஊட்டுக்குப் போறேன் என்று சொல்லி, வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் வெளியில் அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை. பிழையே இல்லாமல் அடிக்கிற பெண் என்று புலவர் நாலு பேர் முன்னால் என்னை மெச்சுவார். அவர் முன்னால் ஊடு என்று எழுதுகிறவளாக நிற்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கள் வந்து உட்கார்ந்து புலவரைப் பற்றிப் பேசாமலே இருந்தீர்கள். நானும் சொல்லாமலே இருந்தேன். இத்தனை நாளும் அவர்மேல் கொட்டிக்கொண்டிருந்த ஆத்திரத்தில் பாதி எனக்கு உரியது.

உங்கள் மகளைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிட்டேன். இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது கண்ணு."

"அந்த வாரம் பூரா அம்மா சரியாச் சாப்பிடலைங்க. பேரு போனதுக்கு இல்ல. தனக்கு எடம் குடுத்ததுக்கு உங்க வேலைக்கு ஏதும் வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தாங்க. அதனாலதான் போய்ச் சண்டை போடாம இருந்தாங்க."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடியேறினேன். ஊடு எங்கள் வீட்டில் பேசுகிற சொல் என்றும், அது தெரிந்தும் அன்றைக்கு மறைத்தேன் என்றும், அந்தப் புதிரும் மற்ற நாற்பத்தாறும் உங்களுடையவை என்றும் எழுதி, என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். இதைப் போட வேண்டும், அடுத்த பதிப்பின் அட்டையில் அவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயர் வர வேண்டும், இல்லாவிட்டால் இதையே ஆயிரம் நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்டுவேன், அச்சடிக்க நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்றேன். புலவர் முணுமுணுத்தார். அட்டையைப் பற்றிப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, எழுதி வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

கடிதம் இந்த வாரம் வந்துவிட்டது, நான்காம் பக்கத்தில், வீட்டுமனை விளம்பரத்துக்குக் கீழே. பாய் போன் செய்து, "இதச் சொல்றதுக்கு இத்தன வருசமாச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். உங்கள் மகளுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன். கிடைத்திருக்கும். நாலு நாளாக அவளுக்குப் போன் செய்கிறேன். மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. நீங்களாக இருந்தால் முதல் மணியிலேயே எடுத்து, போட்டும் விடு பிள்ள என்று சொல்லியிருப்பீர்கள். அவள் எடுக்காததுதான் நியாயம் அக்கா.